நாலு பேர், பதினாறு ஃப்ளை



இன்னைக்கு சுகர், பிரஷர், டெங்கு எதுவும் கிடையாது. மீன் பிடிக்கிற கதை. நடுவுல கொஞ்சம் நரம்பியல் வரும், டாக்டர் எழுதினா அது வராம இருக்காது. இழை கொஞ்சம் நீளம். நைட் டியூட்டி முடிச்சுட்டு எழுதுறேன், எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

நம்ம ஊர்ல தூண்டில்னா மண்புழுவைக் குத்திப் போடுவோம், இல்லைன்னா மைதா மாவு உருண்டை. ட்ரவுட் மீன் பிடிக்கிறவங்க வேற மாதிரி. சின்ன தூண்டில் முள் ஒண்ணை எடுத்து, அதுமேல நூல், கம்பளி, கோழி இறகு எல்லாம் சுத்தி, பூச்சி மாதிரியே ஒண்ணு கட்டுவாங்க. அதுக்குப் பேர் ஃப்ளை. ஈ என்று மொழிபெயர்த்தால் நம்ம வீட்டு ஈ ஞாபகம் வந்துடும், அதனால ஃப்ளைன்னே வச்சுக்குவோம். ஓடைப் பூச்சிகள் சிறகு முளைத்து மேலே பறப்பதற்கு முன்னால் தண்ணீருக்கடியில் கல்லோடு கல்லாக ஊர்ந்து கிடக்கும். ட்ரவுட் சாப்பிடுவதில் பெரும்பகுதி அதுதான். அந்தப் பருவத்தைப் பார்த்துக் கட்டும் ஃப்ளைக்கு நிம்ஃப் என்று பெயர்.

ஃப்ளைக்கு எடையே கிடையாது, கையால வீசினா காலடியிலேயே விழும். அதனால அங்கே கனம் தூண்டில் நூல்ல இருக்கும். தடிமனான அந்த நூலைச் சாட்டை மாதிரி முன்னும் பின்னும் வீசினா, நுனியில இருக்கிற ஃப்ளை கூடவே போய் உட்காரும்.

இது வெள்ளைக்காரன் ஓய்வு நேரத்துல கண்டுபிடிச்ச விளையாட்டுன்னு நினைச்சிருந்தேன். இல்லை. சுமார் 1800 வருஷத்துக்கு முன்னால ஏலியன் என்ற ரோமானிய எழுத்தாளர், மாசிடோனியா ஆற்றில் மீன் பிடிக்கிறவங்க முள்ளுல சிவப்புக் கம்பளியைச் சுத்தி, சேவல் கழுத்து இறகு ரெண்டு வச்சுக் கட்டுவாங்கன்னு எழுதி வச்சிருக்கார். இன்னைக்கும் கம்பளி, சேவல் பிடரி இறகுதான். பெரிசா ஒண்ணும் மாறலை.

சரி, அரசு ஆஸ்பத்திரி டாக்டருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

நீலகிரி. எம்பிபிஎஸ் முடிச்ச பிறகு எனக்கு அந்தப் பக்கம் போஸ்டிங். ட்ரவுட் அங்கே பிறந்த மீன் இல்லை, கொண்டு வந்து விட்டது. முதலில் முயற்சி செய்தவர் எங்க இனம்தான்: பிரான்சிஸ் டே என்ற மதராஸ் ராணுவ மருத்துவர். வைத்தியம் பார்க்க வந்தவர் மீன் பைத்தியமாகி, இந்திய மீன்களைப் பற்றிப் பெரிய நூலே எழுதினார். 1860-களில் கடல் வழியாக ட்ரவுட் முட்டைகளைக் கொண்டு வந்து பார்த்தார், தேறவில்லை. 1907-ல் ஹெச்.சி. வில்சன் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்த பிறகுதான் வானவில் ட்ரவுட் அந்தக் குளிர்ந்த ஓடைகளில் நிலைத்தது. வெளியூர் மீனை உள்ளூர் ஓடையில் விட்டது சரியா என்று கேட்டால், சரியில்லை என்பதுதான் என் கருத்து. ஏற்கெனவே அங்கே இருந்த ஓடை உயிர்களுக்கு அது நல்லதில்லை. ஆனா நூறு வருஷத்துக்கு முன்னால நடந்ததை இப்போ நான் வந்து திட்டி என்ன ஆகப்போகுது.

அங்கே ஒரு நாள் சாயங்காலம் கேஷுவாலிட்டிக்கு அறுபது வயசுப் பெரியவர் ஒருத்தர் வந்தார். ஆள்காட்டி விரலில் ஃப்ளை ஏறியிருந்தது. முள்ளைப் பார்க்காம நான் இறகையே பார்த்துட்டு இருந்தேன், அவ்வளவு அழகா இருந்தது.

தூண்டில் முள் நுனிக்குக் கொஞ்சம் கீழே பின்பக்கமாக ஒரு எதிர்முள் இருக்கும். வந்த வழியே இழுத்தா அது சதையைக் கிழிக்கும். சின்ன முள்ளுன்னா ஒரு வழி உண்டு. முள்ளின் வளைவுல உறுதியான நூலை மாட்டி, முள்ளின் தண்டைத் தோலோடு அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, ஒரே வெட்டாக இழுக்கணும். எதிர்முள் சதையிலிருந்து விலகி, வந்துடும். பெரிய முள்ளுன்னா மரத்துப் போற ஊசி போட்டு, நுனியை வெளியே தள்ளி, வெட்டி எடுப்போம். ரெண்டையும் வீட்ல செஞ்சு பார்க்காதீங்க. கண்ணிலோ கண்ணுக்குப் பக்கத்திலோ முள் ஏறினா யாரும் தொடவே கூடாது. அழுத்தாம மூடிக்கிட்டு நேரா ஆஸ்பத்திரி. டிடி ஊசி கணக்கையும் பார்த்துக்கணும்.

எடுத்து முடிச்சதும் அவர், "டாக்டர் தம்பி, அந்த ஃப்ளையைத் தூக்கிப் போட்டுடாதீங்க"ன்னார். ஸ்பிரிட்டுல கழுவி ஒரு காலி மாத்திரை டப்பாவுல போட்டுக் கொடுத்தேன். "நீங்களே வச்சுக்கோங்க"ன்னு திருப்பிக் கொடுத்துட்டார்.

அவர் தேயிலை ஃபேக்டரியில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். இங்கே சார் என்றே சொல்கிறேன், நேரிலும் அப்படித்தான் கூப்பிடுவேன். இளவயதில் லைசென்ஸ் எடுத்து அவலாஞ்சிப் பக்கம் மீன் பிடித்தவர். அந்த ஓடைகள் பலவும் இப்போது பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள் இருக்கின்றன, பிடிப்பதை விட்டு வருஷக்கணக்கு ஆச்சு. கட்டுவதை மட்டும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன்.

எனக்கு அது சீக்கிரம் பிடிபட்டதுக்குக் காரணம் தையல். எங்க தையல் நூலுக்கு 4-0, 6-0 என்று நம்பர் உண்டு. நம்பர் ஏற ஏற நூல் மெலிசு. ஃப்ளை கட்டும் நூலுக்கும் அதே கணக்குதான். முள்ளும் அப்படியே: 10 பெரிசு, 18 சின்னது. 18-ம் நம்பர் முள் கிட்டத்தட்ட ஒரு நெல்மணி அளவுதான். சார் மேஜையில் எங்க ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் ஒண்ணு இருந்தது. உலகம் முழுக்க ட்ரவுட் பிடிக்கிறவங்க மீன் வாயிலிருந்து முள்ளை எடுக்க அதைத்தான் வச்சிருக்காங்களாம்.

பொருள் எல்லாம் உள்ளூர்தான். நாட்டுச் சேவல் பிடரி இறகு கறிக்கடையில் வாங்கி, சோப்புப் போட்டு அலசி, காயவைத்து, ஃப்ரீசரில் வைப்பார், பேன் பூச்சி சாக. (அம்மா, அதாவது சாரின் மனைவி, இதற்காகவே பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றைத் தனியாக ஒதுக்கிக் கொடுத்துவிட்டார்.) தாமிரக் கம்பி, மோட்டார் காயில் கட்டுற கடையில். கம்பளி, கிழிந்த ஸ்வெட்டரில். கடைசி முடிச்சு அவிழாமல் இருக்க மேலே ஒரு சொட்டு நெயில் பாலிஷ். சாம்பல் காட்டுக்கோழி நம்ம மலைப் பறவை. அதன் கழுத்து இறகில் மெழுகு வைத்த மாதிரி மஞ்சள் புள்ளி இருக்கும், சால்மன் ஃப்ளை கட்டுறவங்க அதற்கு உயிரையே விடுவார்கள். ஆனா அதை இங்கே தொடக்கூடாது, சட்டம். பிரிட்டனில் அதைப் பண்ணையில் வளர்த்து விற்கிறார்கள். நம்ம காட்டுக்கோழி இறகு வேணும்னா ஸ்காட்லாந்தில் காசு கொடுத்து வாங்கலாம். என்னத்தைச் சொல்ல.

ஸ்காட்லாந்து எப்படி வந்தது? என் பேட்ச்மேட் ஒருத்தன் அங்கே மயக்கவியல் டாக்டர். ட்வீட் ஆற்றுப் பக்கம் குடியிருக்கான். அவனும் அங்கே போய் இதே பழக்கத்தில் விழுந்திருந்தான். டிசம்பர் லீவுக்கு அவன் வந்தப்போ சார் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். பக்கத்து வீட்டு டீச்சர் அக்காவும் இருந்தாங்க. கைத்தொழில் டீச்சர், சுத்த சைவம், இன்னைக்கு வரைக்கும் ஒரு மீனைக்கூடப் பிடிச்சதில்லை. ஆனா எங்க நாலு பேர்ல முடிச்சு சுத்தமா விழுறது அவங்களுக்குத்தான்.

அன்னைக்குத்தான் ஸ்வாப் ஆரம்பிச்சது. 2017. ஃப்ளை கட்டுறவங்க நடுவுல இது பழைய வழக்கம். பன்னிரண்டு பேர்னா ஒவ்வொருத்தரும் ஒரே வகையில் பன்னிரண்டு கட்டி ஒருத்தரிடம் அனுப்புவாங்க. அவர் பிரித்து, எல்லாருக்கும் வகைக்கு ஒன்றாகத் திருப்பி அனுப்புவார். நாங்க நாலு பேர். ஆளுக்கு நாலு, மொத்தம் பதினாறு. போகும்போது ஒவ்வொருத்தர் டப்பாவிலும் நாலு பேர் கையும் இருக்கும்.

ஒவ்வொரு ஃப்ளையிலும் ஒரு துண்டுக் காகிதம் மாட்டணும்: கட்டினவர் பேர், ஃப்ளை பேர், முள் நம்பர், என்னென்ன பொருள். அதுக்கு அவங்க வச்ச பேர் டோ டேக். பிணவறையில் கால் கட்டைவிரலில் கட்டுவோமே, அதே பேர். நானும் என் நண்பனும் சிரிச்ச சிரிப்புல டீச்சர் அக்கா பயந்துட்டாங்க. நாங்க விளக்கம் சொன்ன பிறகு இன்னும் பயந்துட்டாங்க.

கடையில் ஒரு ஃப்ளை ஒண்ணும் பெரிய விலை இல்லை. ஆனா டப்பாவைத் திறந்தா கடையில் வாங்கினது எது, சார் கட்டினது எது, அக்கா கட்டினது எதுன்னு லேபிளே இல்லாம சொல்லிடலாம். அக்கா ஃப்ளையில் நூல் சுற்று எண்ணி வைத்த மாதிரி இருக்கும். என்னோடது தலை கொஞ்சம் பெருத்து இருக்கும், தையல் போட்ட பழக்கத்தில் ரெண்டு முடிச்சு கூடுதல். சாரோடது ஒல்லி. தேவைக்கு மேல ஒரு சுற்று இருக்காது. இன்ஜினியர் ஆச்சே.

2021 டிசம்பர். கொரோனாவால் ஒரு வருஷம் விட்டுப்போய் மறுபடி கூடினோம். சார் கொண்டு வந்தது 12-ம் நம்பர் முள். அவர் 18-ல் கட்டுற ஆள். "கண்ணு தெரியலை தம்பி"ன்னார். இருக்கலாம். ஆனா லேபிள்? டிராயிங் ஷீட்டில் எழுதுகிற மாதிரி கொட்டை எழுத்தில் எழுதுவார். இந்த முறை முதல் எழுத்து சரியா இருந்து, போகப்போகச் சிறுத்து, கடைசியில் எறும்பு ஊர்ந்த மாதிரி முடிந்தது. நாலு லேபிளும் அப்படியே. கண் தெரியாதவர் எழுத்தைப் பெரிசாக்குவார், சின்னதாக்க மாட்டார்.

நான் என் நண்பனைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்த்தான். அவன் கையில் சாரோட பழைய லேபிள் ஒண்ணு இருந்தது. ரெண்டையும் பக்கத்துல வச்சான். எதுவும் பேசலை.

கிளம்பும்போது சாரோடு கேட் வரைக்கும் நடந்தேன். இடது கை வீசலை, தொங்கிட்டே வந்தது. தேயிலை வாடை பிடிபடுதா சார்னு கேட்டேன். முப்பது வருஷம் ஃபேக்டரியில் இருந்த மனுஷன், "அது போய் அஞ்சாறு வருஷம் ஆச்சு"ன்னார், ஏதோ பழைய பைக்கை வித்த மாதிரி. அம்மா சொன்னாங்க, ராத்திரி தூக்கத்தில் கத்துறார், காலை உதைக்கிறார்னு.

பொதுமக்களுக்காகக் கொஞ்சம் நின்னு சொல்றேன். பார்க்கின்சன் நோய்னா கை நடுங்கும்னுதான் எல்லாருக்கும் தெரியும். நடுக்கமே இல்லாமலும் அது வரலாம். அதைவிட முக்கியமான அடையாளம் வேகம் குறைவது: சட்டைப் பொத்தான் போட நேரம் ஆகும், நடக்கும்போது ஒரு கை வீசாது, முகத்தில் உணர்ச்சி குறையும், கையெழுத்து சிறுத்துக்கிட்டே போகும். இதுக்கெல்லாம் பல வருஷம் முன்னாலேயே வாசனை தெரியாமப் போறது, மலச்சிக்கல், தூக்கத்தில் கனவுக்கு ஏற்றபடி கை கால் வீசுவது வரலாம். இதுல ஒண்ணு இருந்தாலே பார்க்கின்சன்னு முடிவு கட்டிடாதீங்க. வாசனை போக சளி போதும், கொரோனா போதும். ஒண்ணுக்கு மேல சேர்ந்து இருந்தா நரம்பியல் மருத்துவரைப் பாருங்க.

இன்னொண்ணு. இந்த நோயின் நடுக்கம் பெரும்பாலும் கை சும்மா மடியில் இருக்கும்போதுதான் அதிகம். வேலை செய்ய எடுத்தா குறையும். டீ டம்ளரைத் தூக்கும்போது மட்டும் ஆடுற கை, அநேகமா வேற வகை. சாருக்கு மடியில் வச்சா இடது கட்டைவிரல் லேசா உருட்டும், வைஸ் முன்னால உட்கார்ந்து நூலைப் பிடிச்சா நின்னுடும். அதனாலதான் வீட்ல யாருக்கும் கண்ணில் படலை. எந்நேரமும் கட்டிட்டே இருப்பாரே.

ஜனவரியில் கோவை அரசு மருத்துவமனைக்கு என்னோடவே கூட்டிட்டுப் போனேன். நரம்பியல் பேராசிரியர் அரைமணி நேரம் பார்த்து உறுதி செய்தார். லெவோடோபா மாத்திரை ஆரம்பிச்சாங்க. மாத்திரை நோயை நிறுத்தாது, ஆனா நாட்களைத் திருப்பிக் கொடுக்கும். சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால போடணும், பருப்பு முட்டை கறியோட சேர்ந்தா சரியா உறிஞ்சாது. நல்லா இருக்குன்னு நீங்களா திடீர்னு நிறுத்தவே கூடாது, அது ஆபத்து.

திரும்பி வர்ற பஸ்ல பர்லியார் தாண்டினதும் சார் சொன்னார்: "இந்த வருஷத்தோட ஸ்வாப்ல என்னை விட்டுடுங்க தம்பி. மூணு பேரும் நடத்துங்க. என் ஃப்ளை உங்க டப்பாவுக்கு இனி சரிப்படாது."

நோய் பேரைச் சொன்னப்போ கூட அவர் முகம் அப்படி ஆகலை.

சமாதானம் சொல்ல எனக்கு வரலை. அப்படி எல்லாம் இல்ல சார்னு சொன்னா அது பொய்னு அவருக்குத் தெரியும், நாப்பது வருஷமா கட்டுற கை. ராத்திரி நண்பனுக்கு போன் பண்ணினேன். டீச்சர் அக்காவையும் லைன்ல சேர்த்தோம். அக்கா ஒரே வார்த்தைதான் சொன்னாங்க: "மூணு பேர் கட்டுறதுன்னா எனக்கும் வேலை இருக்கு, வரலை."

என் நண்பன்தான் ஃப்ராங்க் சாயரை ஞாபகப்படுத்தினான். இங்கிலாந்தின் ஏவான் ஆற்றில் காவலராக இருந்தவர். உலகமே இன்னைக்கும் கட்டுற ஃபெசன்ட் டெயில் நிம்ஃப் அவர் கொடுத்தது. அதுல நூலே கிடையாது. ஃபெசன்ட் வால் இறகு, தாமிரக் கம்பி, அவ்வளவுதான். கம்பியே கட்டும், கம்பியே கனம் கொடுக்கும். அதைவிட எளிசா இன்னொண்ணு செய்தார், கில்லர் பக். முள்ளுல கம்பியைச் சுத்தி, மேல சாம்பல் கலந்த கம்பளி. பார்த்தா ஃப்ளை மாதிரியே இருக்காது, கம்பளிப் புழு மாதிரி இருக்கும். அவர் பயன்படுத்தினது சாட்விக்ஸ் கம்பெனியோட 477-ம் நம்பர் ரஃபு நூல். அந்தக் கம்பளி இப்போ வர்றதில்லை, பழைய அட்டை ஒண்ணு கிடைச்சா கண்ணுல ஒத்திக்கிட்டு வாங்குற ஆட்கள் இருக்காங்க. எதுக்கும் ஆள் இருக்கு.

அந்த வருஷ விதியை மாத்தினோம். யாரா இருந்தாலும் ரெண்டே பொருள். முள் 10-ஐ விடச் சின்னது கூடாது. சார்கிட்ட என் நண்பனே போன்ல சொன்னான், சாயர் வருஷம்னு. சார் அஞ்சு செகண்டு பேசலை. அப்புறம், "எனக்காகத்தானேடா?"ன்னார். "ஆமா சார்"னுட்டான். மயக்கவியல்காரன், சுத்தி வளைக்கத் தெரியாது. சார் சிரிச்சுட்டார்.

காலை பத்து மணி மாத்திரை வேலை செய்ய முக்கால் மணி ஆகும். பதினொண்ணுல இருந்து ஒரு மணி வரைக்கும் கை அவர் பேச்சைக் கேட்கும். அந்த நேரத்துக்கு வைஸ் முன்னால உட்காருவார். முன்ன ஒரு ஃப்ளை ஆறு நிமிஷம், இப்போ ஒண்ணுக்கு அரை நாள் கூட ஆகும். லேபிளுக்கு டீச்சர் அக்கா நாலு வரி நோட்டுத் தாளை நறுக்கிக் கொடுத்தாங்க. கோடு இருந்தா எழுத்து சிறுக்காது, இந்த நோய்க்கு உண்மையிலேயே உதவுற விஷயம் அது. அக்கா அதைப் படிச்சுட்டுச் செய்யலை. ஒண்ணாங் கிளாஸ் பிள்ளைகளைப் பழக்கின கை.

அவர் கொண்டு வந்த நாலு கில்லர் பக்கும் ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லை. ஒண்ணு குண்டு, ஒண்ணு கோணல். சாருக்கே அது பிடிக்கலை, முகத்தில் தெரிஞ்சது. நான் என் பங்கை ஃப்ரேம் போட்டு வச்சுக்கிறேன்னேன். "கூடாது, தண்ணியில போடணும்"னு அதட்டினார். என் மீன் கணக்கு சாருக்குத் தெரியும். கல்யாணமான புதுசுல ஹிமாச்சல் தீர்த்தன் ஆற்றில் பர்மிட் வாங்கிப் பிடிச்ச ரெண்டே ட்ரவுட்தான் மொத்தக் கணக்கு. அதனால என் பங்கையும் என் நண்பனே எடுத்துட்டுப் போகணும்னு உத்தரவு.

மார்ச்சில் ட்வீட்டிலிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. பின்னால தண்ணி இரைச்சல். கோணலா இருந்தது இருக்கே சார், அதுல ஒரு நல்ல ட்ரவுட் ஏறுச்சு, ரெண்டு நிமிஷம் இழுத்துச்சு, வேருக்கடியில போய் நூலை அறுத்துக்கிட்டு ஃப்ளையோட போயிடுச்சு. (எதிர்முள்ளை நசுக்கித்தான் கட்டுறோம், மீன் அதைச் சீக்கிரம் உதறிடும்.) "உங்க ஃப்ளை தொலைஞ்சுபோச்சு சார், சாரி"ன்னு முடிச்சிருந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போனப்போ சார் எனக்கு அதை மூணு தடவை போட்டுக் காட்டினார். அம்மாவுக்கு ஏற்கெனவே மனப்பாடம்.

மாத்திரை அளவு அதுக்கப்புறம் ரெண்டு முறை கூட்டியாச்சு. பதினொண்ணு டு ஒண்ணு இப்போ பதினொண்ணு டு பன்னிரண்டரை. இந்த டிசம்பருக்கு சார் பேர் கொடுத்துட்டார்: 8-ம் நம்பர் முள், என் பழைய ஸ்வெட்டர் கம்பளி. காயில் கடையில் கம்பி சொல்லி வச்சாச்சு. நான் என்ன கட்டப் போறேன்னு இன்னும் முடிவு பண்ணலை. போன வாரமே கேட்டார்.